பறக்கும் தட்டுகளும் படைத்துறை விசாரணையும்

1947-ம் ஆண்டு ஜூன் 24-ம் தேதி, அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்து ரெய்னியர் மலையருகே தம் விமானத்திற் சென்றுகொண்டிருந்த கென்னத் ஆர்னால்டு என்னும் வணிகர், ஒளிவீசும் ஒன்பது பொருள்கள் அதிவேகமாய்ச் செல்லக் கண்டதாகக் கூறினார். நீர்மேல் எறிந்த தட்டுத் தத்திச் செல்வதுபோல் அவை சென்றன என்றார். அவர் குறித்தது அசைவினை. பத்திரிகைக்காரரோ அதனையே வடிவமாகக் கொண்டு பறக்கும் தட்டு என்று பெயரிட்டுவிட்டனர். பிறப்பிலேயே பிழைபட்ட அப்பெயர் இன்றளவும் வழங்கிவருகின்றது.

உலகப்போர் முடிந்து ஈராண்டே ஆகியிருந்த காலம் அது. இவை ரஷ்யரின் புதிய ஆயுதங்களோ என்னும் ஐயமே, வேற்றுலகத்தாரைப் பற்றிய ஆவலைக்காட்டிலும், அமெரிக்க ஆகாயப்படையாரை விசாரணையிற் புகுத்திற்று. 1948-ல் ‘சைன்’, 1949-ல் ‘கிரட்ஜ்’, 1952-ல் ‘புளூ புக்’ எனப் பெயர்கள் மாறினவேனும், ஓஹையோ மாகாணத்து ரைட்-பாட்டர்சன் விமானத்தளமே இவ்வாராய்ச்சிகளுக்கு இருப்பிடமாயிற்று.

இவ்விசாரணைகளுள் நாம் சற்றே நின்று நோக்கத்தக்கது மான்டெல் என்பாருடைய முடிவு. 1948 ஜனவரி 7-ம் தேதி, கெண்டக்கி மாகாணத்து காட்மன் விமானத்தளத்தின்மேல் வெண்மையான பெரும் பொருளொன்று காணப்பட்டது. அவ்வழியே வந்த விமானிகளை அதனை அணுகிப் பார்க்குமாறு தளத்தார் வேண்டினர். காப்டன் தாமஸ் மான்டெல் 25 வயதினர், போரிற் பழகியவர். உடன் வந்தோர் திரும்பிய பின்னும் அவர் தனியே மேலேறினார். அவர் விமானத்திற் பிராணவாயுக் கருவி இல்லை. உயரத்திற் காற்று மெலிந்தமையால் நினைவிழந்தார் போலும். விமானம் வீழ்ந்து மடிந்தார்.

அவர் துரத்தியது சுக்கிரன் என்று முதலிற் கூறினர். பட்டப்பகலில் அத்துணை மங்கலாய்த் தோன்றும் கிரகத்தை ஒருவர் உயிர்விடும்வரை துரத்துவாரோ? பொதுமக்கள் நம்பவில்லை, நம்பாததும் நியாயமே. பின்னர் புளூ புக்கின் தலைவரான காப்டன் ரப்பெல்ட் மறுபடியும் ஆராய்ந்து, அது ‘ஸ்கைஹுக்’ என்னும் பெரும் பலூனாதல் கூடும் எனக் கருதினார். இக்கொள்கையே இன்று பெரும்பாலும் ஏற்கப்படுகின்றது. அந்தப் பலூன்கள் கடற்படையாரின் இரகசியம். ஒரு படை மறைத்ததை மற்றொரு படை தேடிற்று. இடையில் ஓர் உயிர் போயிற்று.

இஃது ஒன்று மட்டுமன்று. 1947-ல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் அருகே கிடைத்த சிதைவுகள், ரஷ்ய அணுகுண்டுச் சோதனைகளின் ஒலியை உயர்வானிற் கேட்டறியும்பொருட்டு விடப்பட்ட ‘மோகல்’ பலூனின் பகுதிகள் என ஆகாயப்படை வெளியிட்டது 1994-ல். நாற்பத்தேழாண்டு மௌனத்தில் எத்தனை கதைகள் முளைத்தன!

புளூ புக்கிற்கு ஆலோசகராயிருந்த வானசாஸ்திரி ஆலன் ஹைனக், முதலில் இவற்றையெல்லாம் நகைத்தவர். பின்னர், முடிவை முன்னரே வைத்துக்கொண்டு சான்றுகளைத் தேடும் முறையையே குறை கூறத் தொடங்கினார். 1969 டிசம்பரில் விசாரணை மூடப்பட்டது. ஆராய்ந்த காட்சிகள் 12,618. விளங்காது நின்றவை 701, அதாவது நூற்றுக்கு ஐந்தரை. விளங்காதவை என்பதனால் வேற்றுலகத்தன என்று கொள்ளுதல் பொருந்தாது. சான்று போதாமையும் விளங்காமைக்குக் காரணமாகலாம். 2022-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இதற்கெனத் தனி அலுவலகம் நிறுவிற்று. வேற்றுலகத் தொழில்நுட்பத்துக்குச் சான்று காணவில்லை என 2024-ல் அதன் அறிக்கை கூறிற்று. புளூ புக்கின் ஏடுகளோ, அந்த 701-ம் உட்பட, அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகத்தில் யாவரும் காணக் கிடைக்கின்றன.