நூலும் நெசவும்

'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்பது நம் முதுமொழி. புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் விடியுமுன் கடை விரிக்கும் தாயின் பிள்ளை பள்ளியில் முரண்டு பிடித்தால், 'அது பரம்பரைக் குணம்' என்று நாம் எளிதில் தீர்ப்பளித்து விடுகிறோம். அத்தீர்ப்பு பாதி உண்மையே.

மரபணுவின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையருள் ஒருவர்க்கு மனச்சிதைவு நோய் வந்தால், மற்றவர்க்கும் வருவது ஏறத்தாழப் பாதி அளவிலோ அதனினும் குறைவாகவோதான். வழிவழியாக வருவது நோய்க்கான சாய்வே எனலாம்.

அச்சாய்வுடன் வறுமையும் சேர்ந்தால் என்னாகும்? அமெரிக்காவின் வட கரோலினாவில் செரோக்கீ பழங்குடிப் பிள்ளைகள் 350 பேரையும் அண்டைப் பிள்ளைகளையும் ஜேன் காஸ்டெல்லோ குழுவினர் 1993 முதல் ஆராய்ந்து வந்தனர். ஆய்வின் இடையே அங்கே சூதாட்ட விடுதி ஒன்று திறக்கப்பட, அதன் வருவாயில் அப்பழங்குடியினர் ஒவ்வொருவர்க்கும் பங்கு கிடைத்தது. வறுமையினின்று மீண்ட குடும்பத்துப் பிள்ளைகளின் முரட்டுத்தனம், வறுமையே அறியாத பிள்ளைகளின் அளவிற்குக் குறைந்ததென 2003-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மரபணு மாறவில்லை, பெற்றோரின் கண்காணிப்புக் கூடிற்று. எனினும் அச்சமும் மனச்சோர்வும் அவ்வாறு குறையவில்லை என்பதும் ஈண்டு கருதத்தக்கது.

ஆகவே, மார்க்கெட்டுத் தாயைப் பழிப்பதை விடுத்து, அவர் உழைக்கும் வேளையில் பிள்ளையைக் கவனிக்கப் பெரியோரும், மாலையில் பாடஞ்சொல்ல மாணவரும் முன்வருதல் வேண்டும். மருத்துவம் தேவைப்படின் ஜிப்மர் மனநலப் பிரிவும், 2022-இல் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' கட்டணமில்லாத் தொலைபேசி 14416-உம் உள்ளன. நூல் பிறப்பில் வருவது. நெசவில் நமக்கும் பங்குண்டு.