பேணியும் கரண்டியும்

வீட்டில் ஒருவருக்கு வயிற்றோட்டம் கண்டால் நம்மில் பலர் முதலில் தண்ணீரை நிறுத்திவிடுகிறோம். “குடிக்கக் குடிக்கத்தானே போகுது” என்பார்கள் பெரியவர்கள். பார்வைக்கு அது சரிபோலவே இருக்கும். நம்மைப்போல வயலை விட்டு வந்த மக்களிடையே இந்த எண்ணம் பொய்த்துப்போன கதையைப் பார்ப்போம்.

1961இல் இந்தோனேசியாவில் தொடங்கிய கொலரா பல நாடுகளுக்கும் பரவிவந்த காலம். 1971இல் கிழக்குப் பாகிஸ்தான் போரினால் மேற்கு வங்காளத்திற்கு ஓடிவந்த அகதிகளையும் கொலரா பிடித்தது. எல்லையோரப் போங்காவ் வைத்தியசாலையில் இருந்தவை 2 அறைகள், சில கட்டில்கள். மற்றவர்கள் வாந்தியும் கழிவும் நிறைந்த நிலத்தில் கிடந்தார்கள். பக்கத்தில் தாயோ, கணவனோ, மகளோ. நரம்பில் ஏற்றும் சேலைன் முடிந்துகொண்டிருந்தது. வீட்டார் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நோயுற்றவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்தார்கள்.

டாக்டர் திலீப் மஹலநோபிஸ் குழுவினர் குளுக்கோசு, உப்பு, அப்பச்சோடா மூன்றையும் நிறுத்துப் பைகளில் அடைத்துக் கொண்டுவந்து, நீரில் கரைத்து உறவினர் கையிலேயே கொடுத்தார்கள். “வாயால் கொடுக்கும் சேலைன்” என்றதும் சனங்களுக்கு நம்பிக்கை வந்தது. இறப்பு நூற்றுக்கு 4க்கும் கீழே இறங்கியது. காவலிருந்தவர்கள் கைக்கு ஒரு வேலை வந்ததே எமக்குப் பெரிதாகப் படுகிறது. இரவிரவாகக் கரண்டியால் ஊட்டுபவருக்குப் பயம் இருக்கும், அழ நேரமிராது. செபத்தை விடச் சொல்லவில்லை, செபித்துக்கொண்டே ஊட்டலாம்.

ஜீவனிப் பைக்கற்று இருந்தால் அதில் குறித்த அளவு நீரில் கரையுங்கள். இல்லையேல் கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடுங்கள். உப்புக் கூடினால் ஆபத்து, கண்ணீரைவிடக் கரிக்கக்கூடாது. சீனி ருசிக்காக அன்று, குடலிலிருந்து உப்பையும் நீரையும் உடலுக்குள் இழுப்பதற்கு. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். காய்ந்த மிளகாய்ப் பாத்திக்கு வாய்க்காலை ஒரேயடியாகத் திறந்தால் வழிந்தோடிவிடும் அல்லவா? பிள்ளைக்கு முலைப்பாலை நிறுத்தவேண்டாம்.

அயலார் அந்த வீட்டுப் படலையைத் தாண்டப் பயப்படுவார்கள். கொலராக் கிருமி வாய்வழியாகத்தான் உள்ளே போகிறது. பக்கத்தில் இருப்பதால் தொற்றாது. ஊட்டுபவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். நோயாளியின் துணியைக் கிணற்றடியிலோ குளத்திலோ அலசக்கூடாது.

கண் குழிந்து, சிறுநீர் நின்று, ஆள் சோர்ந்தால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விழுங்கக்கூடிய மட்டும் வழிநெடுகவும் ஊட்டுங்கள்.