உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுவது எந்த வெர்ஷன்?

உடம்புக்கு உயிர் எப்படியோ, கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் அப்படி. இதைத் தமிழில் இயங்குதளம் என்கிறோம். கீபோர்டில் தட்டும் எழுத்தைத் திரையில் காட்டுவது, ஃபைலைச் சேமித்து வைப்பது, பிரிண்டருக்கு வேலை கொடுப்பது, எந்த புரோகிராமுக்கு எவ்வளவு மெமரி என்று பங்கு பிரிப்பது எல்லாம் இதன் பொறுப்பு. ஆனால், "உன் லேப்டாப்பில் என்ன ஓ.எஸ்.?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

சர்வீஸ் கடையில் நடக்கும் உரையாடலைக் கேளுங்கள்.

"அண்ணே, இதுல ஒரு சாஃப்ட்வேர் போடணும்."

"என்ன ஓ.எஸ். தம்பி?"

"விண்டோஸ்ணே."

"விண்டோஸ்ல எது?"

"கறுப்பு கலர் லேப்டாப்ணே!"

சிரிக்க வேண்டாம் நண்பர்களே! இந்தப் பதிலைக் கேட்டதும் கடைக்காரர் எதைச் சொன்னாலும் நாம் தலையாட்டியாக வேண்டும். "ஓ.எஸ். மாத்தணும்" என்றால் மாற்ற வேண்டும். "இது இனிமே தேறாது, புதுசு வாங்கு" என்றால் அதையும் நம்ப வேண்டும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் மாணவருக்குப் பஸ் செலவும் ஒரு நாள் பொழுதும் சேர்ந்து போகும். அரை நிமிடத்தில், காசு செலவில்லாமல் கம்ப்யூட்டரையே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஸ்டிக்கரை நம்பலாமா?

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதன்பின் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. அண்ணன் வாங்கியது தங்கைக்கும், அக்கா வாங்கியது தம்பிக்கும் என்று பல வீடுகளில் அவை கை மாறி வந்துள்ளன. அவற்றில் பலவற்றில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ். இந்த பாஸ் நம் நாட்டுத் தயாரிப்பு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு இதை உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. இப்படி இரண்டும் உள்ள மிஷினை ஆன் செய்ததும் ஒரு பட்டியல் வரும். அதில் எதைத் தேர்வு செய்கிறோமோ அதுதான் அப்போது ஓடும்.

ஆகவே மேல் மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஸ்டிக்கர் சொல்வது, வாங்கிய நாளில் என்ன இருந்தது என்பதை. இடையில் யாராவது ஃபார்மட் அடித்து வேறு போட்டிருக்கலாம். நம் ஊரில் மக்காச்சோள விதை வாங்கும்போது பை நிறத்தைப் பார்த்தா வாங்குகிறோம்? ரகம் என்ன, குவியல் எண் என்ன, எந்தத் தேதி வரை செல்லும் என்று அட்டையைப் பார்க்கிறோம் அல்லவா? கம்ப்யூட்டருக்கும் அப்படி ஓர் அட்டை உள்ளே இருக்கிறது.

கேட்கும் முறை

1. விண்டோஸ்: கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். சிறிய பெட்டி ஒன்று வரும். அதில் 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள் (எழுத்துகள்: டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர்). பெயர், வெர்ஷன், பில்டு எண் மூன்றும் தெரியும். எக்ஸ்.பி. முதல் விண்டோஸ் 11 வரை இந்த ஒரே முறை போதும்.

2. எத்தனை பிட்: விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று வரிசையாகச் செல்லுங்கள். விண்டோஸ் 7-ல் 'கம்ப்யூட்டர்' படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். சிஸ்டம் டைப் என்ற வரியில் 32 பிட்டா, 64 பிட்டா என்று இருக்கும்.

3. லினக்ஸ்: செட்டிங்ஸில் அபவுட் பகுதியைப் பாருங்கள். டெர்மினலில் 'யுநேம்' கட்டளையை 'ஹைபன் ஏ' சேர்த்துக் கொடுத்தாலும் விவரம் வரும். ஆனால் அது பெரும்பாலும் காட்டுவது கெர்னல் எனப்படும் உட்கருவின் எண்ணை. அதை பாஸ் அல்லது டெபியனின் வெர்ஷன் எண் என்று நினைத்துவிடக் கூடாது.

4. செல்போன்: செட்டிங்ஸில் அபவுட் போன். அங்கே ஆண்ட்ராய்டு வெர்ஷனும், கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் வந்த தேதியும் இருக்கும்.

எண்ணுக்கு என்ன பொருள்?

விண்டோஸுக்கு ஊரறிந்த பெயர் ஒன்று, உள் எண் வேறு. எக்ஸ்.பி.யின் உள் எண் 5.1. விஸ்டா 6.0. விண்டோஸ் 7-க்கு 7 என்றுதானே இருக்க வேண்டும்? இல்லை, 6.1! விண்டோஸ் 8-க்கு 6.2, 8.1-க்கு 6.3. ஏன் இப்படி? பழைய புரோகிராம்கள் பல, ஓடுவதற்கு முன் இந்த எண்ணைத்தான் கேட்கும். முதல் எண் திடீரென்று மாறினால் "இது எனக்குத் தெரியாத ஓ.எஸ்." என்று நின்றுவிடும். அதைத் தவிர்க்கவே மைக்ரோசாஃப்ட் 6-ஐ விடாமல் வைத்திருந்தது. பிறகு விண்டோஸ் 10-ல்தான் 10.0 ஆக்கியது.

விண்டோஸ் 11-ன் உள் எண்ணும் 10.0 தான்! அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? பில்டு எண்ணைப் பார்க்க வேண்டும். 22000 அல்லது அதற்கு மேல் என்றால் விண்டோஸ் 11. விண்டோஸ் 10-ன் கடைசி வெர்ஷனான 22எச்2-க்கு 19045. இதில் 22 என்பது 2022. எச்2 என்பது ஆண்டின் இரண்டாம் பாதி. பில்டு எண்ணுக்குப் பின் ஒரு புள்ளி வைத்து இன்னொரு எண் வரும். ஒவ்வொரு திருத்தம் ஏறும்போதும் அந்த எண் கூடும். மாதக்கணக்கில் அது கூடவே இல்லை என்றால், உங்கள் மிஷினுக்குத் திருத்தம் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

தெரியாவிட்டால் என்ன ஆகும்?

முதலாவது, சாஃப்ட்வேர் ஏறாது. ஆட்டோகேட் 2020 முதல் 64 பிட்டில் மட்டுமே ஓடும். பைத்தான் 3.9-ம் அதற்கு மேலும் விண்டோஸ் 7-ல் ஓடாது. குரோம் பிரவுசருக்கு விண்டோஸ் 7-லும் 8.1-லும் 109-தான் கடைசி. ராத்திரி முழுக்க டவுன்லோட் போட்டு, டேட்டாவும் தீர்ந்து, காலையில் 'எரர்' வந்தால் எவ்வளவு வயிற்றெரிச்சல்! முதலிலேயே எண்ணைப் பார்த்திருந்தால் பொருத்தமான வெர்ஷனை எடுத்திருக்கலாம்.

இரண்டாவது, பாதுகாப்பு. 2017 மே 12 அன்று 'வான்னக்ரை' என்ற வைரஸ் உலகத்தையே உலுக்கியது. சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களும் அதில் சிக்கின. இதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே, அதாவது இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை அந்தத் திருத்தத்தை ஏற்றாத விண்டோஸ் 7 மிஷின்கள். மருந்து இருந்தும் போட்டுக்கொள்ளாத கதைதான்!

அந்த மருந்தும் எல்லாக் காலத்துக்கும் வராது. எக்ஸ்.பி.க்கு வழக்கமான திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ல் நின்றன. அப்போது தமிழக அரசு தன் துறைகளுக்கு பாஸ் லினக்ஸைப் பரிந்துரைத்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, 8.1-க்கு 2023 ஜனவரி 10. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. (விண்டோஸ் 10 வைத்திருப்போரில் தனியாகப் பதிவு செய்துகொள்பவர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது.) ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், ஆதார் நகல், பேங்க் பாஸ்வேர்டு இவற்றையெல்லாம் காலம் முடிந்த மிஷினில் போடுவது, தாழ்ப்பாள் இல்லாத பெட்டியில் நகையை வைப்பதற்குச் சமம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாலும் வின்வெர் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். தப்பில்லை.

பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம்! விண்டோஸ் 11 ஏற குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், 64 பிட் பிராசஸர், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி எல்லாம் தேவை. பழைய இலவச லேப்டாப்களில் இது அமையாது. ஆனால் லினக்ஸ் ஏறும். சிஸ்டம் டைப் வரியை நன்றாகப் படியுங்கள். "32 பிட் ஓ.எஸ்., எக்ஸ்64 பிராசஸர்" என்று இருந்தால், உள்ளே இருக்கும் பிராசஸர் 64 பிட், மேலே போட்டிருக்கும் ஓ.எஸ். மட்டும்தான் 32. அப்படிப்பட்ட மிஷினில் 64 பிட் லினக்ஸ் போடலாம். இது முக்கியமான விஷயம், ஏனென்றால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் பிராசஸர் மிஷினில் நிறுவ முடியாது. எதைச் செய்வதற்கு முன்பும் ஃபைல்களைப் பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள்.

எனவே மாணவத் தோழர்களே! பெயர், பில்டு எண், பிட் ஆகிய மூன்றையும் இன்றே பார்த்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுத் தங்கைக்கும், மலையிலிருந்து வரும் நண்பனுக்கும் சொல்லிக் கொடுங்கள். படித்தவன், படிக்காதவன் என்று பார்த்துக் கம்ப்யூட்டர் பதில் சொல்வதில்லை. கேட்டவருக்குச் சொல்லும். கேட்போம், தெளிவோம், உயர்வோம்!