ரண சிகிச்சையும் கைப்பழக்கமும்

மாந்தருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவர். மருத்துவக் கல்லூரி மாணாக்கரும் இதற்கு விலக்கல்லர். ஆயினும் ரண சிகிச்சைக் கருவிகளிற் பெரும்பாலானவை வலக்கைக்கென்றே சமைக்கப்பட்டவை. இதனால் விளையும் இடர்ப்பாட்டை ஆசிரியர் பலர் மாணாக்கரின் திறமைக் குறைவென்றே கருதிவிடுகின்றனர்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொள்வோம். அதன் வெட்டும் ஆற்றல் அலகுகளின் கூர்மையை மட்டும் பொறுத்ததன்று. இரண்டு அலகுகளும் ஒன்றோடொன்று நெருங்கி உராய்தல் வேண்டும். வலக்கையால் மூடும்பொழுது கட்டைவிரல் வெளிப்புறமாகத் தள்ள, ஏனைய விரல்கள் உட்புறமாக இழுக்கின்றன, அலகுகள் நெருங்குகின்றன. அதே கருவியை இடக்கையிற் பிடித்தால் இவ்விசை அலகுகளைப் பிரித்துவிடும். நூல் அறுபடாமல் இடையில் மடிந்து சிக்கும். ஊசிப் பிடிப்பானின் பற்பூட்டும் இத்தகையதே. வலக்கையின் இயல்பான அழுத்தத்தில் எளிதில் விடுபடும் பூட்டை, இடக்கையாளர் எதிர்த்திசையில் வளைத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. இரத்தக் குழாயருகே அத்தகைய வெட்டென்ற அசைவு தீங்கு பயக்கும்.

நம் நாட்டில் இடையூறு மருத்துவக் கல்லூரிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நொட்டாங்கை என்று கடிந்துரைக்கப்பட்ட குழந்தை வலக்கையால் எழுதப் பழகிவிடும். ஆனால் எறிவதும் அறுப்பதும் இடக்கையிலேயே நின்றுவிடுதல் உண்டு. ஆகவே, எழுதும் கையைக் கொண்டு மட்டும் ஒரு மாணாக்கரின் பழக்கத்தைத் தீர்மானித்தல் சரியன்று.

நோயாளியைத் தொடுமுன் கையைப் பழக்க வேண்டும் என்பது பாரத நாட்டில் பழைய கொள்கை. சுச்ருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம், ஒன்பதாம் அத்தியாயம், பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் அறுத்துப் பழகவும், தாமரைத் தண்டில் நாளம் கீறவும், புழு அரித்த மரத்தில் சலாகை செலுத்தவும், தடித்த துணியோரத்தில் தைக்கவும், பொம்மையின் அங்கங்களிற் கட்டுப் போடவும் விதிக்கிறது. நூலறிவு நிரம்பியவனும் இப்பயிற்சியின்றேல் செயலுக்குத் தகுதியற்றவன் என்பது அதன் கருத்து.

டில்லியில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் நரம்பு ரண சிகிச்சைப் பிரிவு, நுண்ணோக்கியின் கீழ்த் தைத்தல், எலும்பு துளைத்தல் ஆகியவற்றைச் செயற்கை உருக்களில் பயிற்றும் கூடம் ஒன்றை நடத்துகிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டமும் மருத்துவக் கல்லூரிகள்தோறும் திறன் பயிற்சிக்கூடத்தை வேண்டியது.

இக்கூடங்களே இடக்கையாளருக்கு உற்ற இடம். தவறினாலும் அங்கே துன்புறுவோர் இலர். வலக்கை ஆசிரியர் முடிச்சிடுவதை அருகில் நின்று பார்க்கும் இடக்கை மாணாக்கர் ஒவ்வோர் அசைவையும் மனத்திற்குள் புரட்டிக்கொள்ள வேண்டும். எதிரே அமர்ந்தால் கண்ணாடியிற் காண்பதுபோல் அப்படியே பின்பற்றலாம். செலவில்லாத இவ்வேற்பாட்டைக்கூடப் பல இடங்களிற் செய்வதில்லை. இடக்கைக் கருவிகளும் செய்யப்படுகின்றன. ஒரு கூடத்துக்கு ஒரு தொகுதி இருந்தாலே பயிற்சிக்குப் போதும்.

வயிற்றறைக்குள் குழாய்வழி நோக்கிச் செய்யும் சிகிச்சையில் கை ஒருபுறம் அசைந்தால் கருவி நுனி மறுபுறம் அசையும். அங்கு இரண்டு கைகளும் தனித்தனியே வேலை செய்தாக வேண்டும். வலக்கை மாணாக்கருக்கும் இடக்கைப் பயிற்சி அப்பொழுது இன்றியமையாததாகிறது.