நினைவகமும் உரைமரபும்

நுழையும்முன்

நூலுக்கு உரை காண்பது தமிழின் நெடிய மரபு. கணினி நிரலுக்கும் உரை வேண்டும். உரை இல்லாத ஒரு வரி நீக்கப்பட்டதால் நேர்ந்த கேட்டினை விளக்கி, குறிப்பெழுதும் பண்பின் இன்றியமையாமையை உணர்த்துகிறது இப்பாடம்.

குப்பை மதிப்பு

கணினியின் நினைவகம் வெற்றுப் பலகை அன்று. நிரலின் ஒரு பகுதி பயன்படுத்தி நீங்கிய இடத்தில் அதன் எச்சம் தங்கியிருக்கக்கூடும். சி மொழியில், செயற்கூற்றினுள் சாதாரண மாறி ஒன்றை அறிவித்துத் தொடக்க மதிப்புத் தராமல் விட்டால், அதில் என்ன இருக்கும் என்று உறுதியாகக் கூற இயலாது. இதனைக் குப்பை மதிப்பு என்பர். 'மேலாக்' என்னும் செயற்கூறு இடத்தை ஒதுக்கித் தரும். அதனைத் தூய்மை செய்யாது. 'கேலாக்' ஒதுக்கிய இடம் முழுவதையும் சுழியமாக்கித் தரும். தூய்மை செய்ய நேரம் செலவாகும் என்பதால் இரண்டுமே தேவைப்படுகின்றன. எது எவ்வாறு இயங்கும் என்பதை நிரல் நூலகத்தின் ஆவணமே பயனருக்குத் தெளிவுபடுத்த வேண்டும்.

நீக்கப்பட்ட வரிகள்

டெபியன் என்பது தன்னார்வலர்கள் உருவாக்கும் கட்டற்ற இயங்குதளம். அதிலுள்ள ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம், குறியாக்கத் திறவுகோல்களை உருவாக்க உதவுவது. அதன் இரு வரிகள் தொடக்க மதிப்பற்ற நினைவகத்தைப் படிப்பதாக வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி எச்சரித்தது. தோற்றத்தில் அவ்விரண்டும் ஒன்றே, பணியிலோ வேறு. ஒன்றை நீக்கினால் பெருந்தீங்கு இல்லை. மற்றொன்றே, பல இடங்களிலிருந்து வரும் கணிக்க இயலாத தரவுகளைத் திரட்டிக் கலக்கும் வாயில். ஒரு வரியின் அருகில், 'கருவி குறை கூறுகிறது' என்னும் பொருளில் சிறு குறிப்பு இருந்தது. வரி ஏன் அங்குள்ளது என்னும் விளக்கம் இல்லை.

2006ஆம் ஆண்டு இரு வரிகளும் நீக்கப்பட்டன. அதன்பின், திறவுகோலின் கணிக்க இயலாமைக்கு ஆதாரமாக எஞ்சியது நிரலின் செயல் எண் ஒன்றே. அவ்வெண்ணின் வாய்ப்புகள் 32,768க்கு மிகா. கணினி ஒன்று அவை அனைத்தையும் எளிதில் முயன்று பார்த்துவிடும். லூசியானோ பெல்லோ இக்குறையைக் கண்டறிய, 2008 மே 13 அன்று டெபியன் அதனை அறிவித்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவும் பாதிக்கப்பட்டது. வலுவிழந்த திறவுகோல்களை எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று.

பதிப்பு காட்டும் வழி

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. பொருள் அறியாதார் படி எடுக்கையில் பிழை புகுந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டார். பாட வேறுபாடுகளைக் குறித்தார். விளங்காததை அழித்துவிடாமல் ஆராய்ந்து குறித்து வைப்பதே அறிஞர் நெறி.

தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில், எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் தேசியக் கட்டற்ற மென்பொருள் வள மையப் பணியில் இணைந்தன. சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் டெபியன் வழிவந்ததே. எங்கோ ஒருவர் எழுதும் வரி இங்குள்ள மாணவரின் கணினியிலும் இயங்குகிறது. எழுதியவரை நேரில் கண்டு வினவ இயலாத நிலையில், அவர் விட்டுச்சென்ற குறிப்பே விடை கூறும். ஆதலின், நிரலோடு அதன் காரணத்தையும் எழுதி வைப்பது பின்வருவோர்க்குச் செய்யும் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

நீங்கள் எழுதிய நிரல் ஒன்றின் ஒவ்வொரு மாறிக்கும் தொடக்க மதிப்பு உள்ளதா என ஆராய்ந்து, அதற்கான காரணத்தைத் தமிழில் குறிப்பாக எழுதுக.