அடுப்பு மேல ஒரு ஃபேன்

கரண்ட் இல்லாம, பேட்டரி இல்லாம, சாவி கொடுக்காம ஒரு ஃபேன் சுத்துமா? சுத்தும். எரியுற விறகு அடுப்பு மேலேயே உக்காந்துகிட்டு சுத்தும்.

இது குளிர் நாட்டுச் சாமான். நம்ம தமிழர்கள் நிறைய பேர் இருக்குற கனடாவில் காஃப்ரமோ என்ற கம்பெனி 'ஈகோஃபேன்' என்ற பெயரில் செய்கிறது. அங்கே வீட்டுக்குள் இரும்பு அடுப்பு வைத்து விறகு எரிப்பார்கள். நம்ம நாட்டிலும் காஷ்மீர், லடாக் பக்கம் 'புகாரி' என்று ஒரு இரும்பு அடுப்பு உண்டு. புகை குழாய் வழியா வெளியே போயிடும், சூடு வீட்டில் தங்கும். ஆனா சூடான காற்று லேசு. நேரே மேல போய் கூரைக்குக் கீழ நின்னுடும். உக்காந்திருக்கிறவங்க காலு குளிரும். அந்தச் சூட்டைப் பக்கவாட்டில் தள்ளி அறை பூரா பரப்பத்தான் இந்த ஃபேன். ஃபேன் புதுசா சூட்டை உண்டாக்காது, இருக்கிறதைப் பங்கு போடும், அவ்வளவுதான்.

சூடான காற்று மேல போகுறதுக்குப் பாடத்தில் வெப்பச்சலனம் என்று பேர். நம்ம ஊருக்கு அது புதுசு இல்ல. பகலில் மணல் சீக்கிரம் சூடாகி அதன் மேல இருக்குற காற்று எழும்பும், அந்த இடத்துக்குக் கடலில் இருந்து காற்று வரும். ராத்திரியில் தரை சீக்கிரம் ஆறிடும், காற்று கரையில் இருந்து கடலுக்குப் போகும். மோட்டார் வராத காலத்தில் விடிகாலைக் கரைக்காத்தில் பாய் விரிச்சுப் போய், பகல் கடக்காத்தில் திரும்பி வந்தாங்க. அதுவும் சூட்டில் ஓடின ஓட்டம்தானே!

சரி, ஃபேன் எப்படிச் சுத்துது? 1821-இல் சீபெக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இரண்டு வேற வேற உலோகங்களை வளையமாகச் சேர்த்து, ஒரு இணைப்பைச் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த திசைகாட்டி முள் அசைந்தது. அவர் அதைக் காந்தம் என்றே நினைத்தார். உண்மையில் கம்பியில் மின்சாரம் ஓடியது. 1834-இல் பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் இதையே திருப்பிப் பார்த்தார். மின்சாரம் விட்டா ஒரு இணைப்பு குளிருது, ஒண்ணு சூடாகுது. (அப்போ நம்ம புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரங்க கையில்தான் இருந்தது.)

ஈகோஃபேனுக்குள்ள பிஸ்கெட் மாதிரி ஒரு சின்ன வில்லை இருக்கு. இந்த மாதிரி வில்லைகளைப் பிஸ்மத் டெல்லுரைடு என்ற பொருளில் செய்வார்கள். அடிப்பக்கம் அடுப்புச் சூடு, மேல்பக்கம் அலுமினியத் தகடுகள். இரண்டு பக்கத்துக்கும் சூட்டு வித்தியாசம் இருக்கும்வரை மின்சாரம் வரும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்னன்னா, இறக்கை சுத்தும்போது வர்ற காற்றே மேல் தகடுகளை ஆற வைக்குது. அடுப்பு அணைஞ்சா ஃபேன் தானா நின்னுடும். வில்லைக்குள் போகும் சூட்டில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட மின்சாரம் ஆகாது. அதனால ட்யூப் லைட் எரியும்னு ஆசைப்படக் கூடாது. ஆனாலும் 1977-இல் அனுப்பிய வாயேஜர் விண்கலங்களுக்கு இதே முறையில்தான் மின்சாரம். அங்கே விறகுக்குப் பதில் புளூட்டோனியம்.

மே மாச வெயிலில் வேகுற நமக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க. கேஸ் வந்த பிறகும் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் பல வீட்டுக் கொல்லையில் சவுக்கு விறகும் தென்னமட்டையும்தான் எரியுது. எங்க ஆயா ஊதாங்குழல் வெச்சு ஊதி ஊதி, கண் எரிஞ்சு, ராத்திரி பூரா இருமுவாங்க. வீட்டு அடுப்புப் புகையால் 2020-இல் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. புகை என்பது முழுசா எரியாத விறகுதான். நல்லா காற்று கொடுத்தா அதுவும் எரிஞ்சிடும். அமெரிக்காவின் பயோலைட் அடுப்பில் மேலே சொன்ன முறையில் தீயே மின்சாரம் கொடுத்து, ஒரு குட்டி ஃபேன் தீக்குள்ளேயே காற்று ஊதுது. ஊதாங்குழல் வேலை மிச்சம்!

நம்ம நாட்டிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் பி.பி. கம்பெனியும் சேர்ந்து செய்த 'ஊர்ஜா' அடுப்பு 2006-இல் வந்தது. அதில் ஃபேன் சார்ஜ் பேட்டரியில் ஓடும். தமிழ்நாட்டிலும் விற்றது. ஆனா அதுக்கு விவசாயக் கழிவில் செய்த வில்லைகள்தான் போடணும். அதன் விலை ஏறினதும் பலர் அடுப்பை ஓரமா வெச்சுட்டாங்க. ஆயா மாதிரி ஆளுங்களுக்குப் பொறுக்கின மட்டையிலேயே எரியுற அடுப்பு வேணும்னு நான் நினைக்கிறேன்.

வில்லை நம்ம கையில் இல்ல. வெப்பச்சலனத்தை மட்டும் பார்க்கலாம். பழைய நோட்டுத் தாளைப் பாம்புச் சுருள் மாதிரி வெட்டி, நூலில் கட்டி, அகல் விளக்குக்கு ஒரு சாண் மேல பிடிங்க. தானா சுத்தும். பெரியவங்க பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்க. நைலான் வலை கிடக்குற இடத்தில் கண்டிப்பா வேண்டாம்.

ஒரு கேள்வி: அந்த ஃபேனை அடுப்பு மேல வைக்காம, மீன் பெட்டி ஐஸ் மேல வெச்சா சுத்துமா? சுத்தினா எந்தப் பக்கம் சுத்தும்? விடையை எழுதி எங்க வகுப்பில் கொடுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி