ஆங்கிலம் கற்போம்: ‘பிரையர்’ என்னும் சொல்

‘முன்’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் பல உண்டு. அவற்றுள் கந்தோர்களிலிருந்து வரும் கடிதங்களில் அடிக்கடி காணப்படுவது ‘பிரையர்’. இதைச் சரியாக விளங்கிக்கொள்ளாவிட்டால் கடிதத்தின் கருத்தே மாறிவிடும்.

முதலில் உச்சரிப்பு. செபத்தைக் குறிக்கும் ‘பிரேயர்’ வேறு, இச்சொல் வேறு. இதில் ‘பிரை’ என்ற ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும்.

இது இலத்தீனிலிருந்து வந்தது. அம்மொழியில் ‘பிரியோர்’ என்றால் இருவரில் முந்தியவர். ‘பிரீமுஸ்’ என்றால் எல்லாரிலும் முதலானவர். புனித ஆசீர்வாதப்பர் சபை மடங்களில் மடாதிபதிக்கு அடுத்த நிலையில் இருப்பவருக்கும், மடாதிபதி இல்லாத மடத்தின் தலைவருக்கும் ‘பிரையர்’ என்ற பெயர் வந்தது இதனாலேயே. காலத்தில் முந்தியது, நிலையில் முந்தியது ஆகிய இரு பொருளும் இச்சொல்லில் அடங்கும்.

இலக்கணத்தில் ஒரு விதியை மாணவர் மறக்கலாகாது. ‘பிரையர்’ என்பதன் பின் ‘டு’ வரும், ‘தான்’ வராது. ஸீனியர், ஜூனியர், ஸுப்பீரியர் என்னும் இலத்தீன் வழிச் சொற்களுக்கும் இதே விதிதான்.

உதாரணம் ஒன்று. ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன் இம்மலைகளில் கோப்பியே பெரும்பயிர். இதனை, ‘பிரையர் டு டீ, கோஃபி வாஸ் த மெயின் க்ரொப்’ என்று எழுதலாம்.

இதனை ஒத்த சொற்களைப் பிரித்தறிவோம். இப்போதைய துரைக்கு நேர் முன் இருந்தவர் ‘பிரீவியஸ்’. ஒரு காலத்தில் இருந்து இப்போது பதவியில் இல்லாத எவரும் ‘ஃபோர்மர்’. ‘பிரையர்’ என்பதோ பெரும்பாலும் ஒன்று நடப்பதற்கு முன் மற்றொன்று இருந்தாக வேண்டும் என்பதை உணர்த்தும். ‘பிரையர் பெர்மிஷன்’ என்றால் முன் அனுமதி. வேலையைச் செய்துவிட்டுப் பின்னர் பெறும் சம்மதம் அதற்கு ஈடாகாது. ‘பிரையர் நோட்டிஸ்’ என்றால் முன்னறிவித்தல்.

‘முன்’ என்ற கருத்து எவ்வளவு பாரமானது என்பதை மலையக மக்கள் அனுபவத்தில் அறிவர். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் தொடர்ச்சியாக வாழ்ந்திருக்க வேண்டும் என்றது. எப்போதோ சில ஆண்டுகள் வாழ்ந்தது போதாது; அந்த ஆண்டுகள் குறித்த திகதியோடு ஒட்டியிருக்க வேண்டும். இவ்வாறு ஒட்டிய ‘முன்’னை ஆங்கிலத்தில் ‘இம்மீடியட்லி பிரையர் டு’ என்பர். தலைமுறையாக இங்கே உழைத்தும், அதை எழுத்தில் நிரூபிக்க இயலாமல் தவித்த குடும்பங்கள் எத்தனையோ!

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமோ, 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமைக்கு வழி செய்தது. இங்கே ‘முதல்’ என்பதற்கு ஆங்கிலச் சொல் ‘ஸின்ஸ்’. முன்னது குறித்த நாளுக்கு முற்பட்ட காலத்தைப் பார்த்தது. பின்னது அந்நாளிலிருந்து இன்றுவரையுள்ள காலத்தைப் பார்த்தது. ஒரு சிறு சொல்லில் ஒரு குடும்பத்தின் நாடே அடங்கியிருக்கிறது.

ஆகவே, பெற்றோரே, இச்சொல் உள்ள கடிதம் வீட்டுக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதற்கு முன்? எந்தத் திகதிக்கு முன்? எதைக் கொண்டு அதை நிரூபிப்பது? விடை தெரியாமல் கையொப்பம் இடாதீர்கள்.

பயிற்சி: பிள்ளைகள் பொருத்தமான சொல்லைத் தெரிந்தெடுக்கட்டும்.

1. முன்னாள் தலைமையாசிரியர்.
2. சென்ற மாதத்துக் கணக்கு.
3. முன்கூட்டியே பெற வேண்டிய சம்மதம்.

விடைகள்: 1. ஃபோர்மர். 2. பிரீவியஸ். 3. பிரையர்.